சரக்கு வேனின் எஞ்சினும் எரிபொருள் சிக்கனமும்



விளைந்த பொருளைச் சந்தைக்குக் கொண்டு சேர்க்கும் செலவு விவசாயியின் கணக்கில் எந்த இடத்தில் எழுதப்படுகிறது என்று நாம் ஆராய்ந்தால், பெரும்பாலான வீடுகளில் அது எழுதப்படுவதே இல்லை என்பது புலனாகும். விதைக்கு இவ்வளவு, உரத்துக்கு இவ்வளவு, களையெடுப்புக் கூலி இவ்வளவு என்று குறித்து வைக்கிறோம். வண்டி வாடகையோ, மண்டிச் சீட்டில் கமிஷனோடும் இறக்குக் கூலியோடும் சேர்ந்து கழிந்துபோய், மிச்சத் தொகை மட்டுமே நம் கைக்கு வருகிறது. தக்காளி கிலோ 30 ரூபாய்க்கு விற்கும் நாளில் இதனை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. அதே தக்காளி 5 ரூபாய்க்கு இறங்கிவிட்ட நாளிலோ, கிலோவுக்கு 50 காசு எரிபொருட் செலவு என்பது விலையில் பத்திலொரு பங்காகிவிடுகிறது. காயைப் பறிப்பதா, செடியிலேயே விட்டுவிடுவதா என்பதைச் சில நாட்களில் அந்தப் பத்திலொரு பங்கே தீர்மானித்துவிடுகிறது.

ஆகவே, சரக்கு வேனின் எஞ்சினைப் பற்றிய பேச்சு மெக்கானிக்குகளுக்கு உரியது, நமக்கு வேண்டாத விஷயம் என்று யாரும் எண்ணிவிடலாகாது. உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் கடன் வாங்கி வண்டி வாங்குகின்றன. பஞ்சாயத்துகள் பொதுப் பணத்தில் வண்டி வாங்குகின்றன. வாலிபர்கள் தாயாரின் நகையை அடகு வைத்து வண்டி வாங்குகிறார்கள். வாங்கிய வண்டி செய்யவேண்டிய வேலைக்குப் பொருந்தாமற் போனால், மாதத் தவணையும் டீசல் கடனும் சேர்ந்து வண்டியை மட்டுமல்ல, குழுவையே விழுங்கிவிடுகின்றன.

2005ஆம் ஆண்டில் டாடா ஏஸ் என்னும் சிறு சரக்கு வண்டி விற்பனைக்கு வந்தது. இரண்டே சிலிண்டர்கள், 702 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, 16 குதிரைத்திறன் கொண்ட டீசல் எஞ்சின். நம் மக்கள் அதற்குக் குட்டி யானை என்று பெயர் சூட்டினார்கள். கம்பெனி வைத்த பெயரைவிட அப்பெயரே நிலைத்துவிட்டது. அதன் பின்னர் 2011இல் அசோக் லேலண்டின் தோஸ்த், 2016இல் மாருதியின் சூப்பர் கேரி எனப் பலவகை வண்டிகள் வந்தன. இன்று டீசல், பெட்ரோல், இயற்கை எரிவாயு, மின்கலம் என நான்கு விதமான வண்டிகள் நம்முன் நிற்கின்றன. எதனை வாங்குவது என்ற கேள்வி எழும்போது, எல்லோரும் கேட்பது ஒன்றே: “மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?”

இக்கேள்வி தவறானதன்று. ஆனால் அது பாதிக் கேள்வி. ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதைக் கேட்கிறோம். எத்தனை கிலோ சரக்கை ஏற்றிக்கொண்டு ஓடும் என்பதைக் கேட்க மறந்துவிடுகிறோம். ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். கணக்கு எளிதாயிருக்கும் பொருட்டு டீசல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சந்தை 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. போகும்போது சரக்கு, திரும்பும்போது வெற்று வண்டி.

சிறிய வண்டி 700 கிலோ ஏற்றும் என்றும், சரக்கோடு லிட்டருக்கு 16 கிலோமீட்டரும், வெறுமையாக 20 கிலோமீட்டரும் ஓடும் என்றும் கொள்வோம். போகவர அதற்கு 3.375 லிட்டர் தேவை. செலவு ஏறக்குறைய 338 ரூபாய். பெரிய வண்டி 1,250 கிலோ ஏற்றும். சரக்கோடு 12, வெறுமையாக 15 கிலோமீட்டர் ஓடும். அதற்கு 4.5 லிட்டர் தேவை. செலவு 450 ரூபாய். மைலேஜ் மட்டும் பார்த்தால் சிறிய வண்டியே வென்றது என்று தோன்றும். கிலோவுக்கு என்ன செலவு என்று வகுத்துப் பாருங்கள். சிறிய வண்டியில் கிலோவுக்கு 48 காசு; பெரிய வண்டியில் 36 காசு. “அதிகம் குடிக்கிறது” என்று நாம் பழித்த வண்டிதான் நம் காயைக் குறைந்த செலவில் கொண்டு சேர்த்திருக்கிறது.

இதனால் எல்லோரும் பெரிய வண்டியே வாங்கவேண்டும் என்று முடிவு கட்டிவிடலாகாது. அன்றைக்குக் கிடைக்கும் சரக்கு 500 கிலோதான் என்றால் கணக்கு தலைகீழாகிவிடும். சிறிய வண்டிக்குக் கிலோவுக்கு 67 காசு அளவில் ஆகும். பெரிய வண்டி, பாரம் குறைந்ததால் சற்றே மிச்சம் பிடித்து 4.3 லிட்டரில் போய் வந்தாலும், கிலோவுக்கு 86 காசு ஆகிவிடும். எனவே, வண்டியின் மைலேஜைக் கேட்பதற்கு முன்னால் நம் ஊரில் ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு சரக்குக் கிளம்புகிறது என்பதை நாமே அறிந்திருக்க வேண்டும். பருவத்தில் உச்சமாகக் கிளம்பும் அளவைப் பார்த்துப் பெரிய வண்டி வாங்கிவிட்டு, ஆண்டில் எட்டு மாதம் பாதி வெறுமையாக ஓட்டுகின்ற குழுக்களை நாம் காண்கிறோம். உச்ச நாட்களுக்கு வாடகை வண்டி பிடித்துக்கொண்டு, மற்ற நாட்களுக்கு ஏற்ற வண்டியைச் சொந்தமாக வைத்துக்கொள்வதே நம் கருத்தில் சிறந்தது.

அடுத்து எஞ்சினின் திறனைக் கவனிப்போம். குதிரைத்திறன் என்பது நமக்குப் புதிய சொல் அன்று. கிணற்று மோட்டார் 5 குதிரைத்திறன், 7½ குதிரைத்திறன் என்று நாள்தோறும் பேசுகிறோம். 75 கிலோ எடையை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் வேலையே ஒரு குதிரைத்திறன். இது வேலை எவ்வளவு விரைவாக நடக்கிறது என்பதைச் சொல்லும் அளவு. பாரவண்டிக்கு இதனினும் முக்கியமானது இழுவிசை. எஞ்சினின் தண்டு எவ்வளவு வலிமையோடு முறுக்குகிறது என்பது. கமலை இறைத்த காலத்தைப் பெரியவர்கள் நினைவுகூரலாம். மாடுகள் எவ்வளவு வேகமாக ஓடின என்று நாம் பார்த்ததில்லை. நீர் நிறைந்த சால் கிணற்றிலிருந்து எழும்பும் அந்த முதல் அடியில், மாடு திணறாமல் இழுத்ததா என்பதையே பார்த்தோம். சரக்கு வேனும் அப்படியே. வயலிலிருந்து சாலைக்கு ஏறும் மேட்டில், மழைக்குப் பின் சேறான வண்டிப்பாதையில், வேண்டியது வேகமன்று; குறைந்த சுற்றிலேயே கிடைக்கும் இழுவிசை.

விற்பனையாளர் தரும் அச்சுத்தாளில் இவ்விரண்டு அளவுகளும் இருக்கும். இழுவிசை எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்பதும் பக்கத்திலேயே எழுதியிருக்கும். நிமிஷத்துக்கு 1,500 அல்லது 2,000 சுற்றிலேயே முழு இழுவிசை தரும் எஞ்சின் பாரத்தோடு நிதானமாக ஏறும். 4,000 சுற்றுக்கு மேல்தான் அது கிடைக்கும் என்றால், டிரைவர் கீழ் கியரிலேயே எஞ்சினை அலறவிட்டு ஓட்டவேண்டி வரும்; எரிபொருளும் அதற்கேற்பச் செலவாகும். குதிரைத்திறன் எண்ணைப் பெரிய எழுத்திலும் இதனைச் சிறிய எழுத்திலும் அச்சிடுவது வியாபாரிகளின் வழக்கம். நாம் சிறிய எழுத்தையே முதலில் படிக்கவேண்டும்.

டீசல் எஞ்சின் பாரவண்டிக்கு உகந்தது என்ற பெயர் காரணமின்றி வந்ததன்று. 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ப் டீசல் தம் எஞ்சினைச் சோதித்துக் காட்டியபோது, எரிபொருளில் அடங்கிய சக்தியில் கால் பங்குக்குச் சற்று மேலாகவே அது வேலையாக மாற்றியது. அக்காலத்துச் சாதாரண நீராவி யந்திரங்கள் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. டீசல் எஞ்சினில் காற்று மட்டும் உள்ளே சென்று, மிகக் கடுமையாக அழுத்தப்பட்டுச் சூடாகிறது; அச்சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. அழுத்தம் அதிகமாக இருப்பதால், ஒவ்வொரு சொட்டிலிருந்தும் கிடைக்கும் வேலையும் அதிகம். இரண்டாவது காரணம், பெட்ரோல் எஞ்சினில் பாரம் குறைந்தபோது காற்று நுழையும் வழியைப் பாதி மூடி வைக்கவேண்டியிருக்கிறது. மூக்கைப் பாதி பொத்திக்கொண்டு ஓடுபவனைப்போல், மூச்சிழுப்பதற்கே எஞ்சின் தன் பலத்தில் ஒரு பகுதியைச் செலவிடுகிறது. டீசல் எஞ்சினுக்குப் பெரும்பாலும் இத்தொல்லை இல்லை. மூன்றாவது, ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் அதிகச் சக்தி அடங்கியிருக்கிறது.

இத்தனை அனுகூலங்கள் இருந்தும், டீசல் வண்டியே எல்லோருக்கும் ஏற்றது என்று இன்று சொல்வதற்கில்லை. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பி.எஸ். 6 என்னும் கடுமையான புகை விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றுக்கு உட்படும் பொருட்டு டீசல் எஞ்சின்களில் விலையுயர்ந்த சாதனங்கள் பல சேர்க்கப்பட்டன. சூப்பர் கேரியின் டீசல் வகை அவ்வாண்டோடு நிறுத்தப்பட்டு, பெட்ரோலும் எரிவாயுவும் மட்டுமே தொடர்ந்தன. இன்றைய டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. வண்டி நெடுஞ்சாலையில் சிறிது நேரம் சீராக ஓடிச் சூடேறினால், அக்கரி தானே எரிந்து வடிகட்டி சுத்தமாகும். ஊருக்குள்ளேயே இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி நின்று, மறுபடி ஓடி நிற்கும் வண்டியில் அச்சூடு ஏறுவதில்லை, வடிகட்டி அடைத்துக்கொள்கிறது. எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கியதும் அதனைக் கவனிக்காமல் விட்டால், செலவு ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும்.

ஆகவே டீசலா, பெட்ரோலா என்பதை ஓட்டத்தின் அளவே தீர்மானிக்க வேண்டும். டீசல் வண்டியின் விலை 60,000 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், 14 கிலோமீட்டர் ஓடுகிறது. டீசல் லிட்டர் 92 ரூபாய், 18 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2 ரூபாய் டீசலில் மிச்சம். 60,000 ரூபாயை ஈடுகட்ட 30,000 கிலோமீட்டர் ஓடவேண்டும். நாளைக்கு 100 கிலோமீட்டர் வீதம் ஆண்டில் 300 நாள் ஓடும் வண்டிக்கு ஓராண்டில் அது ஈடாகிவிடும். நாளைக்கு 20 கிலோமீட்டர், ஆண்டில் 250 நாள் மட்டும் ஓடும் வண்டிக்கு ஆறு ஆண்டுகள் ஆகும். அதற்குள் எஞ்சின் பழுதுபார்ப்பு வந்துவிடும். டீசல் எஞ்சினின் பழுது பெட்ரோலைவிடப் பெரும்பாலும் செலவு மிகுந்தது. மேற்கண்ட எண்கள் கணக்கின் முறையைக் காட்டவே சொல்லப்பட்டன. அவரவர் ஊர் விலையை இட்டுப் பார்க்கவேண்டியது அவரவர் பொறுப்பு.

பெட்ரோல் வண்டி வாங்குவோர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். 2025 முதல் நாடெங்கும் விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலின் சக்தி லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கே. எனவே கலப்புப் பெட்ரோலில் 6 அல்லது 7 சதவீதம் சக்தி குறைவு என்பது கணக்கு. கலப்புக்கென்று அமைக்கப்பட்ட எஞ்சின் இந்த இழப்பில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்ளும். பழைய எஞ்சினுக்கு அது இயலாது. எத்தனாலுக்குக் கரும்பும் மக்காச்சோளமும் மூலப்பொருள்களாதலின், நம்மில் சிலர் ஒரு கையால் இழந்ததை மறு கையால் பெறுகிறோம் என்றும் சொல்லலாம்.

எரிவாயு வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். எரிவாயு கிலோக் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு கிலோ வாயுவில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பெட்ரோலின் சக்தி இருக்கிறது. ஆதலால் “கிலோவுக்கு 21 கிலோமீட்டர்” என்பதை “லிட்டருக்கு 14 கிலோமீட்டர்” என்பதோடு ஒப்பிட்டு வியப்படைய வேண்டியதில்லை. எஞ்சின் அதே எஞ்சின்தான். லாபம் இருந்தால் அது விலையில் இருக்கிறது. வாயுவை அடக்கிய கனத்த சிலிண்டர் வண்டியின் எடையைக் கூட்டுகிறது. இழுவிசையும் சற்றுக் குறையும். நம் வழியிலேயே நிலையம் இருந்தாலன்றி, வாயு நிரப்பவே வெறும் வண்டியை ஓட்டிச் செல்லவேண்டி வரும்.

மலைப் பிரதேசத்து விவசாயிகளுக்குக் கணக்கே வேறு. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெற்று எடை 1,200 கிலோ உள்ள ஒரு வேனை அவ்வுயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே சுமார் 2 லிட்டர் டீசல் தேவை. சாலையின் உராய்வு, காற்றின் தடை இவற்றுக்கான செலவு வேறு. வண்டியும் சரக்குமாக 2,000 கிலோ ஏறினால் இது மூன்றரை லிட்டராகும். எந்த எஞ்சினாலும் இதனின்று தப்ப முடியாது. உயரத்துக்கு ஏற்றும் வேலை அவ்வளவு. ஆனால் நீலகிரியின் கேரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் ஏறுவதில்லை, இறங்குகின்றன! பெரும்பாலும் வண்டி வெறுமையாக ஏறி, பாரத்தோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறது. ஆகவே அங்கே ஏறும்போது உரமோ தீவனமோ ஏற்றி வரும் வண்டிதான் லாபம் காண்கிறது.

இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நினைத்து நியூட்ரலில் விட்டு இறங்கும் டிரைவர்கள் இருக்கிறார்கள். இது உயிருக்கு ஆபத்து, சிக்கனமும் அன்று. இக்காலத்து எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், எரிபொருள் பாய்வதே நின்றுவிடுகிறது. சக்கரங்களே எஞ்சினைச் சுற்றிவிடுகின்றன. நியூட்ரலில் விட்டாலோ, எஞ்சின் நின்றுபோகாதிருக்க எரிபொருள் பாய்ந்துகொண்டே இருக்கிறது. பிரேக்கும் சூடேறி வலுவிழக்கிறது. காசும் போய் உயிரும் போகும் வழி இது.

மின்கல வண்டிக்கு இறக்கம் அனுகூலமானது. பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, மின்சாரத்தை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. பாரத்தோடு இறங்கும் வண்டியில் இது கணிசமான வரவு. ஆயினும் மலையுச்சியில் மின்கலத்தை முழுவதும் நிரப்பிக்கொண்டு இறங்கத் தொடங்கினால், திரும்பி வரும் மின்சாரத்தை வாங்க இடமிராது. நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றுவது போலாகும். சிறிது குறைவாக நிரப்பிக்கொண்டு இறங்குவதே முறை. 2022இல் டாடா ஏஸின் மின்கல வகை வெளியிடப்பட்டது. நிறைய இடத்தில் நின்று நின்று, குறைந்த தூரம் ஓடும் வேலைக்கு இத்தகைய வண்டிகள் பொருந்தும். பஞ்சாயத்தில் தூய்மைக் காவலர்கள் வீடு வீடாக நின்று குப்பை சேகரிக்கும் வேலை இதற்குச் சிறந்த உதாரணம். டீசல் எஞ்சின் அங்கே நின்ற இடத்திலேயே குடித்துக்கொண்டிருக்கும். மின்சார மோட்டார் நின்றால் நின்றதுதான். ஆனால் பஞ்சாயத்து உறுப்பினர்கள் வாங்கும்போதே ஒன்றைக் கேட்டு எழுத்தில் பெறவேண்டும்: மின்கலத்துக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், பழுதானால் பழுதுபார்ப்பவர் எந்த ஊரிலிருந்து வருவார்? மின்கலம் செயலிழந்து கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு எரிபொருட் செலவே இல்லை என்பது உண்மைதான், வேலையும் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, வண்டியின் உண்மையான செலவை அறிவது எப்படி என்ற கேள்வி எழும். அச்சுத்தாளில் உள்ள மைலேஜ் பொய்யன்று. ஆனால் அது சோதனைச்சாலையில், உருளைகளின் மீது வண்டியை நிறுத்தி, வகுத்த வேகங்களில் ஓட்டிக் கண்ட எண். அங்கே நம் ஊர்ப் பள்ளங்கள் இல்லை. ஆகையால் நாமே அளக்கவேண்டும். வழி மிக எளிது. டாங்கியை வாய்வரை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 400, 500 கிலோமீட்டர் வழக்கமான வேலையை அதே டிரைவரைக் கொண்டு செய்யுங்கள். பிறகு அதே பங்கில், அதே குழாயில், வாய்வரை நிரப்புங்கள். இரண்டாவது முறை பிடித்த லிட்டர்தான் செலவான லிட்டர். இப்படி மூன்று முறை செய்து சராசரி எடுத்தால், யாரும் நம்மை ஏமாற்ற முடியாது. பழைய வண்டி வாங்குவோர் இதற்கு இசையாத உரிமையாளரிடம் வாங்காதிருப்பது நலம். ஒவ்வொரு நடையிலும் எத்தனை கிலோ ஏற்றினோம் என்பதையும் எழுதவேண்டும். எடைமேடைச் சீட்டு இருந்தால் மிக நன்று. இல்லையேல் பெட்டிக் கணக்குப் போதும்.

அளந்த அளவை விட அதிகமாக ஏற்றுவதைச் சிக்கனம் என்று கருதுவோர் உண்டு. கிலோவுக்கான டீசல் சிறிது குறைவது மெய்யே. ஆனால் கிளச்சும் டயரும் பட்டை வில்லும் அதனைத் திரும்ப வசூலித்துவிடும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் வேறு. ஒரு நாள் பிடிபட்டால் ஒரு பருவத்து மிச்சம் போய்விடும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் இருந்த தடை, 80இல் ஒன்றேமுக்கால் மடங்குக்கு மேலாகிவிடும். தார்ப்பாய் கட்டாமல் படபடவென்று அடித்துக்கொண்டு போகும் வண்டி இன்னும் மோசம். டயரில் காற்றுக் குறைந்தாலும் அவ்வாறே. காலையில் ஒரு நிமிஷம் செலவிட்டுப் பார்த்துவிடலாம். மண்டியில் ஏலத்துக்குக் காத்திருக்கும்போது எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். ஒன்றரை லிட்டர் அளவுள்ள டீசல் எஞ்சின் சும்மா ஓடினால் மணிக்கு அரை லிட்டர் வரை போகும்.

இவையெல்லாம் டிரைவரின் கையில் இருக்கின்றன. அவருக்கு நாட்கூலி ஒன்றே கொடுத்துவிட்டு, டீசலை மிச்சம் பிடிக்கவில்லையே என்று குறைகூறுவது நியாயமன்று. மூன்று முறை அளந்து கண்ட சராசரியை அளவுகோலாக வைத்து, மாத முடிவில் அதனினும் மிச்சமாகும் டீசலின் விலையில் பாதியை டிரைவருக்கே கொடுத்துவிடலாம். நோட்டுப் புத்தகத்தை அவரே எழுதட்டும். கையெழுத்து மட்டும் குழுத் தலைவருடையதாயிருக்கட்டும். தேதி, கிலோமீட்டர், லிட்டர், ஏற்றிய எடை, திரும்பும்போது ஏதேனும் ஏற்றினாரா என்ற ஐந்து பத்திகள் போதும். ஐந்தாவது பத்தி வெறுமையாகவே இருந்தால், திரும்பும் வழியில் உரக்கடையிலும் தீவனக் கடையிலும் நின்று கேட்டு வருமாறு மறுநாளே டிரைவரிடம் சொல்லிவிடலாம்.